எனக்குத் தெரிந்த குரல்

அம்மாவின் குரல் எனக்குத் தெரியாது என்று பன்னிரண்டு பேருக்கு முன்னால் நான் நடித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது.

அப்போது நாங்கள் துறைமுகத்துக்கு மேலே, ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், தேவாலயத்துப் பக்கத்து மண்டபத்தில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அம்மா மறைக்கல்வி படிப்பித்து வந்தார். அந்த வருடம் அவருக்குக் கழுத்தில் தைரொயிட் ஒப்பரேஷன் நடந்தது. குரல் மாறக்கூடும் என்று டொக்டர் முன்பே சொல்லித்தான் இருந்தார். மாறித்தான் போயிற்று. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவரிடமிருந்து, ஏற்றத்தில் திணறும் வாகனத்தைப்போல ஒரு கரகரப்பு மட்டுமே வந்தது. பின்வரிசை வாங்குகளில் இருந்த பையன்கள் அவருக்கு ‘லொறி’ என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. நானும் சிரித்தேன். என்னையும் தங்கள் ஆள் என்று அவர்கள் நினைக்கவேண்டும் என்பதற்காக, அவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே சிரித்தேன்.

ஆண்டவரை ஆடு மேய்ப்பவராகச் சொல்லும் நல்லாயன் பாடம் வந்தது. எங்களில் ஒருவர்கூட ஆடு மேய்த்ததில்லை. பாதிப்பேரின் தகப்பன்மாருக்குத் துறைமுகத்தில் வேலை. ஆயனின் குரலை ஆடுகள் எப்படி அறியும் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் எங்களுக்கு நித்திரை வந்துவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் ஒரு விளையாட்டு வைத்தார். மண்டபத்தின் ஒரு மூலையில் அம்மா, எதிர் மூலையில் கன்னியர் மடத்துக்குப் புதிதாக வந்திருந்த சிஸ்டர். ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டி நடுவில் விடுவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மாதான் ஆயன். அவரிடம் போய்ச் சேரவேண்டும்.

ஒருவரும் தவறவில்லை. அந்தக் குரலைத் தவறவிட யாரால் முடியும்? வந்து சேர்ந்த ஒவ்வொருவரின் தலையையும் அம்மா தடவிக் கொடுத்தார். தன் குரல் ஒன்றுக்காவது உதவியதே என்ற சந்தோஷம் அவருக்கு.

கடைசியாக என் முறை. வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயரைச் சொல்லியே அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் அவர் பக்கமாக இரண்டு அடி எடுத்து வைத்தேன். யாரோ ஒருவன் வாயால் லொறிச் சத்தம் போட்டான். மண்டபமே சிரித்தது. கட்டியிருந்த துணிக்குள்ளே என் முகம் கொதித்தது. நின்றேன். பிறகு திரும்பி, சிஸ்டரின் தெளிந்த குரலை நோக்கி நடந்துபோய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன பிள்ளை, சொந்த அம்மான்ர குரல் தெரியேல்லையோ?” என்றார் சிஸ்டர்.

“தெரியேல்ல, சிஸ்டர்.”

சிரிப்பு நின்றுவிட்டது. துணியை அவிழ்த்தபோது, அம்மா தன் மூலையில் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றார். மெல்லக் கைகளை இறக்கிக்கொண்டு வகுப்பைப் பார்த்தார்.

“பிள்ளையில பிழையில்லை. என்ர குரல்தான் மாறிப்போச்சு. மனிசற்ற குரல் மாறும், ஆயன்ர குரல் மாறாது. இண்டைக்கு நாங்கள் படிக்கவேண்டியது அதுதான். விளங்கினதோ?”

“ஓம் டீச்சர்” என்றது வகுப்பு. நானும் சேர்ந்து சொன்னேன்.

தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு இறங்கி வரும்போது உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் கேட்டிருந்தால் சொல்வதற்கு மூன்று பொய்கள் தயாராக வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அம்மா என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். சாப்பாடு ஆனதும் என் அறைவரை நடந்து வந்து தோளில் தொடுவார். பாடசாலை வாசலில் காத்து நின்றால் கையை உயர்த்திக் காட்டுவாரே தவிர, வாய் திறக்கமாட்டார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்தேன். நான் பெரிய பிள்ளையாகிவிட்டதால் மரியாதையாக நடத்துகிறார் என்றும் நினைத்துக்கொண்டேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

தம்பியை மட்டும் குசினியில் அடுப்பருகே நின்றபடியே கூப்பிடுவார், அந்தக் கரகரத்த குரலில், முற்றம்வரை கேட்கும்படியாக. “ஓம் அம்மா, வாறன்!” என்று அவன் ஓடி வருவான். இரண்டையும் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் இன்னும் ஐந்து வருடங்கள் இருந்தேன். ஏன் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.