அக்காவுக்குக் கட்டிய கூறைப்புடவை

என் அக்கா இருநூறு மீட்டர் ஓடுகிறவள். சிங்கப்பூருக்காக ஜகார்த்தாவில் ஓடினாள், பேங்காக்கில் ஓடினாள், தோஹாவிலிருந்து பதக்கத்தோடு வந்தாள். மூளையில் ரத்தம் கசிந்து ஒரே நாளில் போய்விட்டாள்.

கல்யாணமாகாத பெண் இறந்தால் எங்கள் உறவில் மணப்பெண்ணாக அலங்கரித்துத்தான் அனுப்புவார்கள். ஆசை தீராமல் போனால் வீட்டைச் சுற்றுவாளாம். அதற்காக அப்பாவின் அக்கா, மார்சிலிங்கில் குடியிருக்கும் அத்தை, கூறைப்புடவையோடு வந்து இறங்கினாள். அக்காவின் படம் முதன்முதலாகப் பேப்பரில் வந்தபோது, "தொடையக் காட்டிட்டு ஓடுறா, இவள எவன் கட்டுவான்?" என்று கேட்ட அதே அத்தை. தோஹா பதக்கத்துக்கு மட்டும் ஏர்போர்ட்டில் முதல் ஆளாக நின்று, அக்கா தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாள்.

அக்காவின் ஆசை எனக்குத் தெரியும். நாட்டின் பெயர் போட்ட ஜெர்சியை அவளேதான் துவைப்பாள், நிழலில்தான் காயப்போடுவாள். அதிலேயே அவளை அனுப்பவேண்டும் என்று கையில் எடுத்துப்போனேன்.

"அத்தை, இதப் போடுங்க."

"பனியன் மாதிரி இருக்கு. நாலு பேரு வந்து பாப்பாங்க லா. நீ அந்தப் பக்கம் போ."

குளிப்பாட்டும் அறையில் அத்தை வேலையை ஆரம்பித்தாள். அக்காவின் தோளிலும் தொடையிலும், துணி முடிகிற இடத்திலிருந்து வெயில் கறுப்பு. "கல்யாணப் பொண்ணு ஒடம்பா இது?" என்று மஞ்சளைக் குழைத்துத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. மேலே பவுடரைக் கொட்டினாள். அது திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது.

பிறகு மெட்டியை எடுத்தாள். ஸ்பைக்ஸ் ஷூ நசுக்கி அக்காவின் விரல்கள் காய்த்துப் போயிருந்தன, கட்டைவிரலில் நகமே இல்லை. மெட்டி ஏறவில்லை. விரலைப் பிடித்துத் திருகினாள்.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற அம்மா வாயைத் திறந்தாள். "அண்ணி, கால விட்டுருங்க."

"மெட்டி இல்லாம எப்படி?"

"அவளுக்குக் கல்யாணம் ஆகல அண்ணி. ஆன மாதிரி நடிக்க வேணாம்."

அத்தை மெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். கூறைப்புடவையைக் கட்டியபோது அம்மா தடுக்கவில்லை. ஜெர்சி என் கையிலேயே இருந்தது.

பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சவப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். வந்தவர்கள் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். ஓட்டச் சங்கத்திலிருந்து பிளேசர் போட்டு வந்தவர், "பதக்கத்தக் கழுத்துல போட்டா போட்டோ நல்லா வரும்லா" என்றார். பதக்கம் எங்கே என்று அத்தை என்னிடம் ஓடிவந்தாள். தெரியாது என்றேன்.

மண்டாய் சுடலைக்குப் போகும் பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, பின்சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "ஒரு கொறையும் வெக்கல. கட்டிக்குடுத்து அனுப்புற மாதிரியே அனுப்பிட்டோம்லா."

நான் எழுந்துபோய் டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டி, வந்து உக்காரு."

"வாந்தி வருது அத்தை," என்றேன்.