ராசமலர் கண்டுபிடித்த நோயாளி

மோர்டென்ஸ்ருட் என்ற வெளிநாட்டு ஊரில் வசிக்கும் ராசமலருக்கு நோய் வருத்தங்களைப் பற்றிக் கதைப்பதென்றால் உயிர். இரவு படுக்கையில் கணவரிடம் தொடங்கினால் விடியும்வரை ஓயமாட்டாள். 2006இல் ஒரு பிறந்தநாள் விழாவில், ஆராய்ச்சி மாணவியான தங்கை மகள் ஹம்சத்வனி அகப்பட்டாள். அவள் ஆபிரிக்காவின் தூக்க நோயைப் பற்றிச் சொன்னாள்: ஈ கடித்து உள்ளே புகும் ஒட்டுண்ணி மூளை வரை போனால் அங்கே அழற்சி உண்டாகும்; உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் இரசாயனங்கள் குழம்பிவிடும்; நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார்.

ராசமலர் சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவர் குலேந்திரன், மடியில் கேக்குத் தட்டோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“அச்சொட்டா இந்த மனுசன்தான் பிள்ளை!”

“பெரியம்மா, பெரியப்பா இரவு பஸ் ஓடுறவரெல்லோ?”

“அந்த வேலையை இவர்தானே கேட்டு வாங்கினவர்! அதுவும் இந்த வருத்தத்தாலதான்.”

குறட்டை நின்றது. குலேந்திரன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“இரவு வேலை வருத்தமில்லை பிள்ளை, மருந்து.”