பாதி நோட்டீஸ்

சலூன் வாசலிலிருந்து பத்தடி தள்ளி நின்று, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஐடியா அக்கா பெயர்ப்பலகையை அளந்துகொண்டிருக்கிறார்.

"பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள வான்னு கூப்பிட மாட்டேங்குதே!"

உள்ளே பாதிச் சவரத்தில் இருப்பவர் அசைய முடியாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கிறார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார். அக்கா பேச ஆரம்பித்தால் கத்தி பிடிக்கக் கூடாது என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை. மிஷினைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர். தெருவைப் பார்த்துக்கொள்வது அக்கா. சின்னக் கடைகள் ஆட்களை இழுப்பது எப்படி என்று ஒரு வலைப்பூவும் எழுதுகிறார். வாசகர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் வெளியூரில் இருக்கும் தங்கை. இருவர் அக்காவேதான், அவரிடம் இரண்டு போன்கள் உண்டு. "ஏழு பேர் படிச்சா என்ன, எழுநூறு பேர் படிச்சா என்ன, எழுதுற கை ஒண்ணுதானே" என்பார். சொன்ன கையோடு, எட்டாவது ஆள் வந்தாச்சா என்று போனைத் திறந்து பார்ப்பார்.

அவருடைய யோசனைகளில் பழுது சொல்ல முடியாது. நடைமுறையில்தான் கொஞ்சம் இடிக்கும். கண்ணாடிக் கடைக்கு ஒரு பலகை எழுதிக் கொடுத்தார். 'இதைப் படிக்க முடியவில்லையா? உடனே உள்ளே வாருங்கள்.' எல்லாம் எறும்பு சைஸ் எழுத்து. படிக்க முடிந்தவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. கண்ணாடி தேவைப்பட்டவர்கள் அங்கே பலகை இருப்பதையே பார்க்காமல் போனார்கள். சலூனுக்கு 'பாதி முடி இலவசம்' என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு கல்லூரி மாணவன் வந்து பாதியை மட்டும் வெட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அந்தத் தலையோடு அவன் ஒரு வாரம் தெருவில் நடமாடி, கேட்டவர்களுக்கெல்லாம் கடையின் பெயரையும் மறக்காமல் சொன்னான்.

வீட்டுக்காரர் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது விபரீதமாகத் தோன்றினால் மட்டும், "மை தீர்ந்துபோச்சு" என்பார். அந்த மனிதர் அப்படி எத்தனை கடைகளைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது தெருவுக்குத் தெரியாது.

ஜெராக்ஸ் கடைக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில், ஒரு அலமாரி அளவு இடத்தில் சாவிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு குறைவு. "நாளைக்கு", "ஆச்சு", "தேய்ஞ்சிருக்கு" என்ற மூன்று சொற்களில் முப்பது வருஷத்தை ஓட்டியவர். நம்பர் பூட்டுகள் வந்த பிறகு அவரிடம் ஆள் வருவது அருகிவிட்டது. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அவராகவே தெருவைக் கடந்து வந்து நின்றார்.

"அக்கா, மாசக் கடைசியில இடத்தைக் காலி பண்றதா சொல்லிட்டேன். அதுக்குள்ள எனக்கும் ஏதாவது சொல்லுங்களேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு சோறு இறங்கவில்லை. காலையில் யோசனை தயாராக இருந்தது.

"முதல் நாள் பாதி, மறுநாள் மீதி. ஜனங்க என்னடா இதுன்னு தவிக்கணும். தவிச்சாத்தான் தேடி வருவாங்க."

"மை தீர்ந்துபோச்சு" என்றார் வீட்டுக்காரர், வழக்கத்தைவிடச் சத்தமாக.

"நேத்தே வாங்கி வெச்சுட்டேன்."

மறுநாள் விடியும்போது, இருநூறு வீட்டுக் கதவுகளின் அடியிலும் ஒரு காகிதம் செருகப்பட்டிருந்தது. பெயரில்லை, போன் நம்பர் இல்லை. கொட்டை எழுத்தில் ஒரே வரி: 'உங்கள் வீட்டுச் சாவி எங்கள் கையில்!'

ஜனங்கள் தவித்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. எட்டு மணிக்குள் பாதித் தெரு அடுத்த தெருப் பூட்டுக் கடைக்கு ஓடி, அங்கிருந்த புதுப் பூட்டுகளையெல்லாம் வாங்கித் தீர்த்தது. மீதித் தெரு காவல் நிலையத்தில் நின்றது. எல்லார் வீட்டுச் சாவியும் கையில் இருக்கக்கூடிய ஆள் அந்தத் தெருவில் ஒருவர்தான் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிதல் தேவைப்படவில்லை.

அக்கா மூச்சிரைக்க ஸ்டேஷனுக்கு ஓடிப்போனபோது சாவிக்காரர் பெஞ்சில், முழங்கால்மேல் கைகளை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். யார் அச்சடித்தது என்று இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரமாகக் கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

"நான்தான் சார், நான்தான்! அது பாதிதான் சார். மீதி இதோ இருக்கு, நாளைக்குக் கொடுக்க வெச்சிருந்தேன்" என்று அக்கா இன்னொரு காகிதத்தை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் வாங்கி உரக்கப் படித்தார்: "எப்பேர்ப்பட்ட பூட்டையும் பத்தே நிமிடத்தில் திறப்போம். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம்." நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இது விளம்பரமா, வாக்குமூலமா?"

கடைசியில், ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுக் காகிதத்தைத் திரும்ப வாங்கி வர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும்.

முதல் வீட்டில் அக்கா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். விளம்பரம் என்றால் என்ன, ஆவல் என்றால் என்ன என்பதில் தொடங்கியதால் நேரம் பிடித்தது. சும்மா நிற்கத் தெரியாத சாவிக்காரர் அதற்குள் குனிந்து கதவுப் பூட்டைப் பார்த்தார். பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். திட்ட வந்த வீட்டம்மா, சாவி சத்தமில்லாமல் சுழல்வதைக் கண்டு வந்த வேலையை மறந்தார்.

"அண்ணே, நாலு வருஷமா தோளால இடிச்சுத்தான் இந்தக் கதவைத் திறக்கறேன். பின்னாடி ஒரு கதவு இருக்கு, அதையும் பார்க்கறீங்களா?"

"தேய்ஞ்சிருக்கு" என்றார் சாவிக்காரர். "நாளைக்கு."

அடுத்த வீட்டில் பீரோ திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் விழவில்லை. உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. ஏழாவது வீட்டிலிருந்து அக்கா தன் விளக்கத்தை மூன்று வரியாக்கினார். இருபதாவது வீட்டில், "தப்பு எங்களது, மன்னிச்சுடுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டு, எந்த வீட்டில் எந்தப் பூட்டு என்று காகிதங்களின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்தார். இருநூறு வீட்டையும் முடிக்க மூன்று நாள் ஆனது. குறித்த வேலைகளை முடிக்க மழைக்காலம் முழுவதும் போதவில்லை. சாவிக்காரர் இடத்தைக் காலி பண்ணவில்லை.

அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்; கொஞ்சம் வருத்தமும். "நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, அந்த மனுஷன் ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்திருக்க மாட்டார்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். நடந்ததை நடந்தபடியே வலைப்பூவில் எழுதினார். 'சாவிக்காரர் செய்தது, நான் கெடுத்தது' என்று தலைப்பு. நாற்பத்தாறு பேர் படித்தார்கள். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன வாரம் புதிதாகக் கடை போட்ட சைக்கிள் மெக்கானிக் ஒருவர் சாவிக்காரரிடம் வந்தார். முன்னால் ஐந்து பேர் நின்றார்கள்.

"எப்படிங்க இவ்வளவு கூட்டம்? யார் கொடுத்த ஐடியா?"

சாவிக்காரர் கையிலிருந்த அரத்தை அப்படியே நீட்டி, எதிர்ச்சாரியைக் காட்டினார்.

ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்த அக்கா, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.