அபவாதம் என்று படித்தேன்

அக்காவை நினைத்தால் நாலாக மடித்த ஒரு தாளும் அதை நீட்டும் கையும்தான் முதலில் வருகின்றன. இந்தியில் எது வந்தாலும் சரி, கரண்ட் பில்லோ கட்சிச் சுற்றறிக்கையோ, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் பக்கம் நீட்டுவார். "என்ன போட்டிருக்கான்னு பாரு தம்பி." அவ்வளவுதான். நான் படித்துச் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததே கிடையாது. போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர். மீன் மார்க்கெட்டில் வங்காளியோடும் தெலுங்கரோடும் இந்தியில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வருவார். ஆனால் இந்தி எழுத்து தெரியாது. தமிழ் மட்டும் மாதா கோயில் ஞாயிறு வகுப்பில் படித்தது. நானோ பன்னிரண்டாவது வரை இந்தி மீடியம். ஹேடோ வார்டு கட்சி ஆபீசில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது அந்த ஒரே காரணத்தால்தான்.

அக்கா எங்கள் வார்டு மகளிர் அணித் தலைவி. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்காவின் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். மீனவக் குடும்பங்கள் இருக்கிற நாலைந்து சந்துகளில் அக்கா சொன்னால் ஓட்டு விழும், சொல்லாவிட்டால் விழாது. இது எங்கள் கவுன்சிலருக்கு நன்றாகத் தெரியும். போன இரண்டு முறையும் அக்காவின் பின்னால் நடந்துதான் அவர் ஓட்டுக் கேட்டார்.

மூன்றாவது முறை சிக்கல் வந்தது. மெயின்லேண்ட் கப்பலில் டிக்கெட் கிடைப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தீவில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நோயாளிகளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கி வைப்பார்கள்; கவுன்சிலரின் கடிதம் இருந்தால் அது சுலபமாகக் கிடைக்கும். சௌல்தாரி கிராமத்தில் காய்கறி பயிரிடும் ஒரு தமிழர், சென்னையில் சிகிச்சைக்குப் போகவேண்டிய மனைவிக்காகக் கடிதம் கேட்டு நடையாய் நடந்தார். கடைசியில் கடிதம் போனது வேறு பேருக்கு. கவுன்சிலரின் மச்சான் கல்யாணம் மதுரையில். நோயாளிகளின் பங்கில் பட்டுப்புடவைகளும் பலகாரக் கூடைகளும் ஏறின. அடுத்த கப்பல் வானிலையால் தள்ளிப்போனது. அந்த அம்மா இங்கேயே இறந்துபோனார். தன் முத்திரையை யாரோ திருடிப் போலிக் கடிதம் எழுதிவிட்டதாகக் கவுன்சிலர் சொன்னார். அந்த மனிதர் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கட்சி மேலிடத்துக்கு ஒரு மனு கொடுத்தார், கவுன்சிலர் மேல் விசாரணை வந்தது. அக்காவிடம் வந்து ஒரே ஒன்றுதான் கேட்டார்: நடந்தது தப்பு என்று கட்சி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எங்கள் கட்சியில் எழுதி வைத்த விதி ஒன்று உண்டு. விசாரணையில் இருப்பவருக்குத் தேர்தலில் இடம் கிடையாது. ஆனால் அவரை விட்டால் அந்த வார்டில் ஜெயிக்க வேறு ஆள் இல்லை. நிறுத்தினால் மானம் போகும், நிறுத்தாவிட்டால் வார்டு போகும் என்று செயலாளர் டீ மேல் டீயாகக் குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். அக்கா ஒரே தடவைதான் பேசினார். "அவரு தப்பு பண்ணலேன்னு கட்சி விசாரிச்சு எழுதித் தரட்டும். நான் வீடு வீடா வர்றேன். இல்லேன்னா என் கால் வாசலைத் தாண்டாது, டீக் ஹை?" பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து ஒரு பக்கத் தீர்மானம் வந்தது. எங்கள் சந்தை இந்தி இல்லை அது. அரசாங்கக் காகிதங்களில் வருமே, பல்லை உடைக்கிற இந்தி. ஆபீசில் முப்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வழக்கம்போல் தாளை என் பக்கம் நீட்டினார். நான் எழுந்து நின்று படித்தேன். 'இஸ் மாம்லே கோ அப்வாத் மானா ஜாயே' என்ற வரி வந்தது. சற்றும் தயங்காமல் தமிழில் சொன்னேன்: "இந்த விஷயத்தை அபவாதம் என்று கருத வேண்டும்." அபவாதம் என்றால் நமக்கு என்ன? வீண்பழி. யாரோ கை தட்டினார்கள். கவுன்சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதையும் பார்த்தேன்.

அந்த வரி வரைக்கும் நான் செய்தது பிழை. மாதா மேல் ஆணையாக, என்று அக்கா பாணியில் சொல்லலாம். ஆனால் கைதட்டல் ஓய்வதற்குள் என் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. இவருக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்று இருந்தது. அப்போதுதான் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகம் ஞாபகம் வந்தது. இந்தியில் அப்வாத் என்றால் விதிவிலக்கு. அவர் குற்றமற்றவர் என்று கட்சி சொல்லவில்லை. குற்றம் இருந்தால் இருக்கட்டும், இந்த ஒருவரை விட்டுவிடுவோம் என்றுதான் சொல்லியிருந்தது. ஒரு நிமிடம் வாயைத் திறந்திருந்தால் போதும். எனக்கு என்ன வந்தது அன்றைக்கு? யாரும் என்னை மிரட்டவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். சுவரெல்லாம் சின்னம் வரைந்து முடித்திருந்தோம். அக்கா என்னைப் பார்த்து, "அபவாதம்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். "ஆமாக்கா, அதே வார்த்தைதான்" என்றேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. வெட்கங்கெட்ட உண்மை.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. வெயிலில் சந்து சந்தாக அலைந்தார். அதோடு விட்டிருந்தால்கூட என் மனது இத்தனை அடித்துக்கொள்ளாது. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சௌல்தாரிக்கு பஸ் ஏறினார். அந்த மனிதர் பாகல் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கட்சி விசாரித்துவிட்டது, கவுன்சிலர் மேல் தப்பில்லையாம், நாம்தான் வீணாகப் பழி போட்டுவிட்டோம் என்றார். நான் பக்கத்தில் நின்று பாகல் கொடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த மனிதர், "நீங்க சொன்னா சரிதான்க்கா" என்றார். மறுநாளே மேலிடத்துக்குக் கொடுத்திருந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது ஒரு பை நிறையப் பாகற்காய் கொடுத்தார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தும் சாப்பிட்டேன்.

ஜெயித்தோம். வெற்றி டீயின்போது, கட்சியில் இருந்த வங்காளி வாத்தியார் ஒருவர் பேச்சுவாக்கில் அக்காவைக் கேட்டார்: கட்சி விதியையே வளைத்து எக்செப்ஷன் கொடுத்ததே, தீதிக்கு அதில் வருத்தமில்லையா? எந்த எக்செப்ஷன் என்று கேட்டார் அக்கா. "அப்வாத் மத்லப் எக்செப்ஷன், தீதி" என்றார் அவர், பாடம் நடத்துகிற குரலில். அக்கா கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். உனக்குத் தெரியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். தெரியாதுக்கா என்றேன். அதையும் நம்பினார். அதற்கு மேல் எனக்கு என்ன தண்டனை வேண்டும்?

அன்றே தனியாகச் சௌல்தாரிக்குப் போய் அந்த மனிதரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. கட்சிப் பொறுப்பை விட்டார். வேறு தீவில், ஹட் பேயில் இருக்கும் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டோடு போய்விட்டார். கவுன்சிலர் இன்னும் கவுன்சிலராகத்தான் இருக்கிறார், நன்றாகவும் இருக்கிறார்.

போன மாதம் கப்பல் ஏறி ஹட் பேக்குப் போனேன். இத்தனை வருடம் மென்று விழுங்கியதை அக்காவின் முன்னால் கொட்டிவிட்டேன். அடுத்த வரியை அன்றே படித்துவிட்டேன் அக்கா, தெரிந்தேதான் சும்மா இருந்தேன் என்றேன். மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"அந்த ஆளுகிட்ட போய்ச் சொன்னியா?"

இல்லை என்றேன். ஹேடோவிலிருந்து சௌல்தாரிக்கு பஸ்ஸில் போய்விடலாம். கடலைத் தாண்டி அக்காவிடம் வரத் தெரிந்த எனக்கு, அங்கே போகத் தோன்றவே இல்லை. அந்த மனிதரும் நான் தெரியாமல் செய்த பிழை என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் பஞ்சாயத்திலிருந்து ஒரு பெண் வந்து நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். இந்தி. அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பழக்கம், என் கை தானாகவே நீண்டுவிட்டது. அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தாளைத் தன் மடியில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"வேண்டாம் தம்பி. இப்ப நானே படிச்சுக்கிறேன்."

எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் நீட்டிய கையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.