ஐவியின் ஆற்றுப் பாட்டு

மலாயாவில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1943ஆம் ஆண்டு, ஐவியின் தம்பி சிரில் சீதபேதியில் செத்துப்போனான். அவனுக்கு நான்கு வயது, அவளுக்குப் பதினொன்று. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசரும் இல்லை, மருந்தும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் பெர்த்தாம் ஆற்றில்தான் குடிநீர் எடுத்தார்கள். அதற்குச் சற்று மேலேயே நோயாளிகளின் துணியையும் அலசினார்கள்.

ஐவி பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு பாட்டுக் கட்டினாள். லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறைமேல் நின்று பாடினாள்.

"மேகம் ஒடச்சு வந்த தண்ணி,
மீனு குடிச்சு வளந்த தண்ணி,
துணியலச கீழ போங்க மாமா,
தூக்கிப் பொதைக்க இன்னும் புள்ள வேணுமா?"

நோயில் கிடந்த மனைவியின் துணியோடு வந்த இருளப்பன் கடைசி அடியில் அப்படியே நின்றுவிட்டார். அந்த மாதம் அவர் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தார்.

"ஏம்புள்ள, இப்படியா பாடுவ?" என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். பத்தே நாளில் எல்லோரும் கீழே போனார்கள்.

சாவு குறைந்தது, நிற்கவில்லை. இன்னும் மேலே ஜப்பான் பட்டாளம் முகாம் போட்டு, ஆற்றோரத்திலேயே கக்கூஸ் வெட்டியிருந்தது. பிள்ளைகள் ஏறிப்போய், "துணியலச" என்ற இடத்தில் "கக்கூஸ் வெட்ட" என்று மாற்றி, முகாம் வேலியருகே பாடினார்கள். சிப்பாய்கள் சிரித்தார்கள், ஒருவன் கைகூடத் தட்டினான். மூன்றாம் நாள் அதிகாரி, கங்காணி வேலப்பனைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டான். பயத்தில் அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

சாயந்தரம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள்.

"பாட்டு கட்டுனது யாருன்னு கேக்குறான்," என்றார் கங்காணி.

ஐவி ஓரடி முன்னே வைத்தாள். அப்பா அகஸ்டின் அவளைப் பின்னால் தள்ளினார். "நாந்தான்லா. புள்ளைங்களுக்கு என்னா தெரியும்?"

அவரை அடித்தார்கள். மறுநாள் சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றிய லோரியில் தூக்கிப் போட்டார்கள். ஐவி பின்னாலேயே ஓடினாள்.

"தண்ணிய கொதிக்க வச்சுக் குடி!" என்று அவர் கத்தினார். அவர் திரும்பி வரவே இல்லை.

கக்கூஸ் அங்கேயேதான் இருந்தது. பெண்கள் அடுத்த மலையின் ஊற்றுக்கு நடக்கத் தொடங்கினார்கள். தாயும் இல்லாத ஐவியைப் பக்கத்து வீட்டு வேலாயி சேர்த்துக்கொண்டாள்.

பின்னாளில் ஐவி கொழுந்து பறித்தாள், கல்யாணம் செய்தாள், நான்கு பிள்ளை பெற்றாள். யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வாள்: "நான் பாடலன்னா அப்பா இருந்திருப்பாரு. பாடலன்னா இன்னும் எத்தன புள்ளைங்க போயிருக்கும்? ரெண்டையும் நெனச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் சொல்லத் தெரியல."