மயிரிழை பிந்தி வாசித்த ஜெபா அக்கா

காலண்டர் சீசன். சிவகாசியில் நான் வேலைபார்க்கும் அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்து, மாதத் தாள்களில் விடுமுறை நாட்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்துப் பாடும் பாண்டி போனில் அழைத்தான். “ஏலே, ஜெபா அக்கா செத்துட்டாங்கலே. அவங்க ஆஸ்பத்திரிலயே” என்றான். போனை வைத்த பிறகும் இன்னொரு மாதத்துக்குச் சிவப்புக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜெபமலர், விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் செவிலியர். ஐந்து நாள் காய்ச்சலோடு வேலைபார்த்தார். விடுப்பு கேட்டார். மாற்று ஆள் இல்லை என்றார்கள். ஆறாம் நாள் அதே மருத்துவமனையில் அவருக்கு ஒரு கட்டில் கொடுத்தார்கள். இறப்புக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் கேட்ட விடுப்பு எந்தத் தாளிலும் இல்லை. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் கூசுகிறது.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவருடைய சபையார், உடன் வேலைபார்த்த செவிலியர்கள். வலிக்காமல் ஊசி போடும் கை என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே கையில் டிரம்ஸ் குச்சியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை, மூன்று பேர் கொண்ட எங்கள் குழுவில் பாஸ் கிதார் வாசித்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

முதன்முதலாக அவரைப் பார்த்தது, நான் குழுவில் சேர்வதற்கு முன், ஒரு கல்யாண வரவேற்பில். பாஸ் வாசிக்க என்னைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்து, ஸ்நேர் டிரம்மின் தோலில், சத்தம் அடங்க, பஞ்சை வைத்து மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். கீபோர்டில் இருந்த பாண்டி, “என்னக்கா, இதுக்கும் கட்டுப் போட்டாச்சா?” என்றான். “ஆமா, இத்தன நாளா கண்டவனும் அடிச்சிருக்கான்லா” என்றார். ஆரம்பித்தோம். பாட்டு முழுவதும் ஒரே மாதிரி வாசித்தார். ஓர் உருட்டல் இல்லை, சிம்பலில் ஒரு பெரிய அடி இல்லை. இவருக்கு இவ்வளவுதான் தெரியும்போல என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு தலையை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். என் கழுத்தும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் வாசித்தது நியோ சோல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையோடு ஜாஸும் ஹிப் ஹாப்பும் கலந்து வந்த இசை. மஸ்கட்டில் நர்ஸாக இருந்த தோழி அனுப்பிய பாட்டுகளைக் கேட்டு, சபையின் டிரம்ஸில் தானாகப் பழகியிருந்தார். அந்த இசையில் டிரம்ஸ்காரர் வித்தை காட்ட மாட்டார். காலால் மிதிக்கும் கிக்கும் பாஸ் கிதாரும் ஒன்றாக அடியெடுத்து வைக்கும். ஹைஹேட் என்கிற இரட்டைத் தட்டு நேராக ஓடாமல் லேசாக நொண்டும். பெரிய அடிகளுக்கு நடுவே காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்னத் தட்டல்கள் இருக்கும். ஸ்நேர், விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழும். கேட்பவன் உடம்பு அந்த மயிரிழைக்காகக் காத்திருந்து அசையும். க்ரூவ் என்பது அந்த அசைவுதான். பிந்துவது எளிது என்று நினைக்காதீர்கள். பாட்டு முடியும்வரை, ஒவ்வொரு அடியிலும், ஒரே அளவு பிந்த வேண்டும். வேகமாக அடிக்கத் தெரிந்த பத்துப் பேரை எனக்குத் தெரியும். இப்படிப் பிந்தத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

எங்கள் ஊரில் இதற்கு மரியாதை இல்லை. ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆண்டு விழாவில் இரண்டு பாட்டு முடிந்ததும் மேனேஜர் மேடையேறி வந்தார். “என்னம்மா, புஸ்வாணம் கணக்கா வாசிக்கீகளே. சரவெடி மாதிரி ஒண்ணு அடிச்சு விடுங்க. மொதலாளி பாத்துக்கிட்டு இருக்காக” என்றார்.

“சரவெடிதான் உங்ககிட்ட லோடு லோடா இருக்கே அண்ணாச்சி. எங்ககிட்ட பாட்டுதான் இருக்கு” என்றார் அக்கா.

மேனேஜர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அந்தக் கம்பெனி எங்களை மறுபடி கூப்பிடவில்லை. பாண்டி நாலு நாள் புலம்பினான்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம். என் அம்மா இன்றும் பட்டாசு ஆலைக்குத்தான் போகிறார். ஆலையில் வெடி விபத்து நடந்த மறுநாள் மட்டும் பூமாலையோடு அனுதாபம் சொல்ல வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். ஒரு கல்லூரி மேடையில் அக்காவை அறிமுகப்படுத்தும்போது, வெந்த உடம்புகளுக்கு மருந்து போட்ட கை இது, அதனால்தான் இவ்வளவு மென்மையாக அடிக்கிறது என்று பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. திரும்பி வரும்போது வேனில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, அந்த வார்ட விட்டு வெளிய வரத்தான் நான் இங்கன வந்து உக்காருதேன். நீ என்னயத் திருப்பி அங்கனயே கொண்டு போய் விடுத. எனக்கு இது பிடிச்சிருக்கு, வாசிக்கேன். நம்ம ஊருக்காரி எது செஞ்சாலும் அதுல கருகுன வாட அடிக்கணுமா?”

நியாயத்துக்காகப் பேசுவதாக நினைத்து, அவருடைய ஒரே சந்தோஷத்தை எடுத்து என் கோபத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அவர் பெயரைச் சொல்லி, டிரம்ஸ் என்று மட்டும் சொன்னேன்.

அதைவிடப் பெரிய தவறு மதுரையில் நடந்தது. எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிவுசெய்ய ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அக்கா தன் பகுதியை ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டு, மாலை டியூட்டிக்காகப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். அவர் போன பிறகு ஒலிப்பதிவாளர் தாளக் கோடுகள் போட்ட கணினித் திரையைக் காட்டினார். “எல்லா ஸ்நேரும் லேட்டு தம்பி. அத்தனையும் ஒரே அளவு லேட்டு. இழுத்துக் கோட்டுல வச்சுருவோமா?” என்றார். ஒரே அளவு லேட்டு. ஒரு க்ரூவ் டிரம்மருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நாங்கள் அதைக் குற்றமாகக் கேட்டோம். மதுரைக்காரர் முன்னால் கூச்சம். சரி என்றோம். பாட்டு இணையத்தில் வெளியானது.

அடுத்த ஒத்திகைக்கு அக்கா பாட்டைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். “இதுல டிரம்ஸ் யாரு?” என்றார்.

“நீங்கதான்க்கா” என்றான் பாண்டி.

“நான் இல்லலே. கம்ப்யூட்டர வாசிக்க விட்டுட்டு என் பேரப் போட்டு வச்சிருக்கீக.” குரலை உயர்த்தவில்லை. பிளாஸ்திரியைக் கிழித்து ஸ்நேரில் ஒட்டிக்கொண்டே பேசினார். “ஆஸ்பத்திரில டாக்டர் சொல்ற நேரத்துக்கு ஓடணும், மேட்ரன் சொல்ற நேரத்துக்கு ஓடணும். நான் நெனச்ச நேரத்துக்கு நான் செய்ற காரியம் இந்த ஒரு அடிதான். அதயும் இழுத்து நேராக்கிட்டீகளேப்பா.”

ஸ்டுடியோவில் கேட்டேன். பழைய பதிவை அழித்துவிட்டார்களாம். முதலிலிருந்து பதிவுசெய்வோம் என்று முடிவெடுத்தோம். நானும் பாண்டியும் எந்த நாளுக்கும் தயாராக இருந்தோம். அவருக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டும், அவ்வளவுதான். மூன்று முறை கேட்டார். தீபாவளி சீசனில் வார்டு நிரம்பியிருக்கிறது என்றார்கள். சீசன் முடியட்டும் என்றார்கள். சீசன் முடிந்து காய்ச்சல் வந்தது.

சபை வாலிபர்கள் இரங்கல் கூட்டத்தில் ஒலிக்கவிட அந்த மதுரைப் பாட்டைத் தரச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நேற்று பாண்டியும் நானும் அதை இணையத்திலிருந்தும் எடுத்துவிட்டோம். உங்களில் யாருடைய போனிலாவது இருந்தால் அழித்துவிடுங்கள். அதில் இருப்பது அக்கா இல்லை.

என்னிடம் இருப்பது நான்கு நிமிடம். பாண்டி வரத் தாமதமான ஓர் ஒத்திகையில், நானும் அக்காவும் மட்டும் வாசித்ததை என் போனில் பதிவுசெய்திருந்தேன். பாட்டு இல்லை, கீபோர்டு இல்லை. வெளியே லோடு ஆட்டோ பின்னால் எடுக்கிற சத்தம் கேட்கிறது. பாதியில் நான் அவசரப்பட்டு முந்திப் போகிறேன். அவருடைய ஸ்நேர் என்னைத் துரத்தி வரவில்லை. தன் இடத்திலேயே, மயிரிழை பிந்தி, விழுந்துகொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் தனியே அலைந்துவிட்டு நான்தான் திரும்பி வந்து அதில் சேர்கிறேன். “வந்துட்டியாலே” என்கிறார், வாசிப்பை நிறுத்தாமல். கூட்டத்தில் அதைத்தான் ஒலிக்கவிடப்போகிறேன்.