என் வீட்டுக்காரரைச் செட்டில் செய்தது

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். முன்னுக்குப் பின் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் எல்லார் வாயிலும் புழங்கும் வெள்ளைக்காரச் சொல் ஒன்று, 'செட்டில்'. சாப்பாட்டுக் கடையில் காசு கொடுத்தால் பில் செட்டில். மகளைக் கட்டிக்கொடுத்தால் பிள்ளை செட்டில். அடித்துக்கொண்டவர்கள் கைகொடுத்தால் சண்டை செட்டில். சுங்கை சோவில் வீடு வாங்கிப் போனவனும் அங்கே செட்டில்தான். பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் "அவனை செட்டில் பண்றேன்" என்றால் அது வேறு. ஒரே சொல் இத்தனை வேலை செய்கிறதே என்று முன்பெல்லாம் வியப்பாக இருக்கும். இப்போது அதைக் கேட்டாலே வயிறு எரிகிறது. என் கொழுந்தன் செய்த வேலை அது.

நாங்கள் வேலை பார்த்துக் குடியிருந்த தோட்டத்தை விற்றபோது அதிலிருந்த இடுகாட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அங்கேதான் கிடந்தார். குழியைத் திறக்கும்போது பெண்டாட்டி பிள்ளைகள் நின்று பால் ஊற்ற வேண்டும், எலும்பைப் புதுச் சட்டியில் எடுத்து ஆற்றில் கரைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மகளுக்குப் பிரசவம் பார்க்க நான் பத்தாங் காலிக்குப் போகவேண்டியிருந்தது. "நாள் குறிச்சதும் கூப்பிடு தம்பி" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் வாசலிலேயே சொல்கிறார்:

"எல்லாம் செட்டில் அண்ணி. பாசிர் பெனம்பாங்ல ஆத்துல கரைச்சாச்சு. நீங்க ஏன் அலையணும்லா?"

நான் வாயில்லாப் பூச்சி. தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். ஆனால் மறக்கவில்லை.

போன வருடம் கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. செத்த மூத்தவருக்குப் படைத்து உத்தரவு வாங்காமல் எங்கள் குடும்பத்தில் பந்தக்கால் ஊன்றமாட்டோம். மூத்தவர் என் வீட்டுக்காரர், படைக்க வேண்டியவள் நான். கொழுந்தனும் ஓரகத்தியும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள்.

"வீட்ல வேணாம் தம்பி. அவரைக் கரைச்ச எடத்துலயே படைப்போம். படகுத்துறைக்கு மேலயா, கீழயா?"

அவர் தரையைப் பார்த்தார். "அது... குழி தோண்ட வந்த கண்ட்ராக்டர் ஆளுங்க எடுத்துட்டுப் போனாங்க அண்ணி."

"நீ போகல?"

"லோரில எல்லார் எலும்பையும் ஒண்ணா ஏத்திட்டாங்க. எனக்கு அன்னிக்கு வேலைலா."

ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுசா, கூடவே நின்னேன்னு எங்கிட்டயும்ல சொன்ன!"

"அப்ப அவரை எங்கேருந்து கூப்பிடுறது? நீயே தேடிக் கூப்பிட்டுக்க" என்றேன் நான்.

தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஓரகத்தி அழுதாள். நான் அசையவில்லை. படையல் இல்லாமலே பந்தக்கால் ஊன்றினார்கள். மண்டபத்தில் கிழவிகள் ஒவ்வொருத்தியாக வந்து "அண்ணனுக்குப் படைச்சியாடா?" என்று கேட்கக் கேட்க, அவர் முகம் கறுத்துப் போனதாம். அங்கே போயிருந்த என் மகள் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சோறு அன்றைக்கு நன்றாக இறங்கியது. கல்யாணப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்மேல் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்த லோரியோடு போயிருந்தால், இல்லை பார்த்தவர்களைத் தெரிந்திருந்தால், நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று விசாரித்துச் சொல்லுங்கள். எந்த இடம் என்று மட்டும் இல்லை. ஆற்றில்தான் கரைத்தார்களா என்பதையும் கேளுங்கள்.